எடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்த வரிகள்

"மெஷின் தப்புப் பண்ணாதுங்க" என்று பாய் சொன்னபோது நான் பக்கத்து மேசையில் இருந்தேன். கேட்டவர் கொட்டச்சேட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டின் மேனேஜர். அவர் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே மழையில் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தவர் போல, கேட்டதும் எழுந்துவிட்டார். சட்டையில் ஒட்டியிருந்த ஈரத்தைத் தட்டிக்கொண்டு, அப்படியென்றால் சனிக்கிழமை அந்த ஆளை வேலையை விட்டு அனுப்பிவிடுகிறேன் என்றார்.

அந்த ஆள் என்பது மேல் டிவிஷன் ரைட்டர். பறிப்புக்காரர்கள் கொண்டுவரும் பழச் சாக்குகளை எடை போட்டுக் கணினியில் பதிவது அவர் வேலை. அவர் பதிந்த மொத்தத்துக்கும், சாயங்காலம் பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் கூடத்துக்கு வந்து சேரும் பழத்துக்கும் சில வாரங்களாகப் பொருந்தவில்லை. பதிவில் அதிகம், கூடத்தில் குறைவு. கீழ் டிவிஷனில் அப்படி எதுவும் இல்லை. மேல் டிவிஷன் டிராக்டரில் கூடவே போகிறவரும் அதே ரைட்டர்தான். வழியில் எங்கேயோ பழம் இறங்குகிறது என்று மேனேஜர் முடிவு கட்டியிருந்தார். ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு மிச்சமிருந்தது. அதைப் பாய் தீர்த்துவைத்தார்.

பறிப்புக் காலத்தில் வேலை போனால் எஸ்டேட் லயன் வரிசையில் குடியிருக்கும் வீடும் போகும். ரைட்டரின் மகள் பத்தாவது படிக்கிறாள் என்று மேனேஜரே சொன்னார். பாவம்தான், என்ன செய்வது என்கிற தொனியில்.

இது தொண்ணூறுகளின் நடுவில். நான் சேலத்தில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு மலைக்கு வேலைக்கு வந்திருந்தேன். ஒண்டிக்கடை என்கிற இடத்தில் பாயின் எலெக்ட்ரிகல் கடை. கீழே ஒயரும் பல்பும் ஸ்டெபிலைசரும், மாடியில் மூன்று கணினிகளும் நானும். பாய் எலெக்ட்ரானிக் தராசுகளை வாங்கி எஸ்டேட்டுகளுக்கு விற்பார். தராசை ஒரு கணினியோடு இணைத்து எடையைத் தானாகப் பதிகிற புரோகிராமும் எங்களுடையதே. எல்லா எஸ்டேட்டுக்கும் பொதுவான வேலைகள், அதாவது தராசிலிருந்து எடையைப் படிப்பது, சாக்கின் எடையைக் கழிப்பது, அச்சடிப்பது, எல்லாம் ஒரே தொகுப்பில் இருந்தன. அதை லைப்ரரி என்போம். அதில் ஒரு வரியை மாற்றினால் மலையில் எங்கள் தராசு இருக்கும் எல்லா இடத்திலும் எடை மாறும்.

அந்த லைப்ரரி எனக்கு முன்னால் வேலை பார்த்த பெண் எழுதியது. அவர் கல்யாணமாகிப் போய்விட்டார். எந்த ஊர் என்பதுகூடப் பாய்க்குச் சரியாகத் தெரியவில்லை. நான் வந்ததிலிருந்து அதைப் படித்து, எதற்கென்று தெரியாத ஒட்டுகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு பிரிண்டர் முதல் வரியை விழுங்கிவிடும் என்பதற்காக முன்னால் ஒரு வெற்று வரி அனுப்பியிருந்தார். அந்தப் பிரிண்டரையே பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. மின்சாரம் இறங்கும் நேரத்தில் தராசு உளறுகிறது என்று ஓரிடத்தில் சும்மா காத்திருக்க வைத்திருந்தார். புதுத் தராசுகளுக்கு அது தேவையில்லை. என் தாளில் மூன்று தலைப்புகள்: எடு, வை, தெரியாது. மூன்றாவது தலைப்பின் கீழ் கடைசியில் ஒரே ஒரு புரோகிராம் துண்டு மிஞ்சியிருந்தது. அதற்கு மேலே, எங்கள் தராசு இருக்கும் இன்னொரு எஸ்டேட் ஊரின் பேரைச் சொல்லி, அவர் எழுதியிருந்த குறிப்பு இவ்வளவுதான்: நாகலூருக்காக. எடுக்க வேண்டாம்.

பாய்க்கு இந்தச் சுத்தம் செய்கிற வேலையே பிடிக்காது. "ஓடிட்டிருக்கறத எதுக்குக் கண்ணு நோண்டறே" என்பார். எனக்கோ, ஏன் இருக்கிறது என்று சொல்ல முடியாத ஒன்றை எல்லா எஸ்டேட்டுக்கும் பிளாப்பியில் அனுப்புவது உறுத்திக்கொண்டே இருந்தது.

மேனேஜரின் ஜீப் கிளம்பிப் போன பிறகு நான் அந்தத் துண்டைத்தான் திறந்தேன். வேறு எங்கே தேடுவது என்று தெரியாததால்தான். எடை போடும் திரையில் மூன்று கட்டங்கள் உண்டு. ஆளின் நம்பர், தராசிலிருந்து தானாக வரும் எடை, கழிவு. பழத்தோடு இலை, கல், பச்சைக்காய் இருந்தால் அதற்காக ரைட்டர் அரைக் கிலோ, கால் கிலோ என்று கழிவுக் கட்டத்தில் அடிக்கலாம். சாக்குக்கு ஒரு கிலோவைப் புரோகிராம் எப்போதும் தானே கழித்துக்கொள்ளும். ஆனால் அந்தத் துண்டு வேறு சொன்னது. கழிவுக் கட்டத்தில் ஏதாவது எண் இருந்தால், சாக்கின் எடையைக் கழிக்காதே.

ஒரு தரம் படித்ததும் விளங்கவில்லை. கீழே கடையிலிருந்து ஒரு சாக்கில் சுவிட்ச் பெட்டிகளைப் போட்டுத் தூக்கிவரச் சொல்லி, சோதனைத் தராசில் வைத்தேன். கழிவு இல்லாமல் ஒரு எடை. கழிவு அரைக் கிலோ என்று அடித்ததும் எடை குறையவில்லை. அரைக் கிலோ கூடியது.

கொட்டச்சேட்டு மேல் டிவிஷன் ரைட்டர் செய்ததெல்லாம், அழுக்கைக் கண்டால் விடாமல் கழித்ததுதான். அவர் ஒவ்வொரு முறை கழித்தபோதும் எங்கள் புரோகிராம் சாக்கைப் பழத்தோடு சேர்த்து எண்ணியது. கீழ் டிவிஷனில் இருப்பவர் எதையும் கழிக்காமல் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டிருப்பார். அதனால் அவர் கணக்கு பிசகவே இல்லை. ஒழுங்காகப் பார்த்தவர் திருடன் ஆகிவிட்டார்.

பாயை மேலே கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் சாக்கை இரண்டு முறை எடை போட்டுக் காட்டினேன். அவர் வியாபாரி. இரண்டாவது எடை திரையில் வந்ததுமே போய்க் கதவைச் சாத்தினார்.

அவர் சொன்ன வழி எளிமையானது. அந்தத் துண்டை எடுத்துவிட்டுப் புது பிளாப்பியை நாளைக்கே கொட்டச்சேட்டுக்குக் கொடுத்தனுப்பலாம், புது வெர்ஷன் என்று சொன்னால் போதும். சனிக்கிழமைக்குள் எடை பொருந்த ஆரம்பித்துவிடும், மேனேஜரும் மனசு மாறிவிடுவார். எங்கள் பேரும் கெடாது. அந்த எஸ்டேட் கைவிட்டுப் போனால், அதே குடும்பத்தின் மற்ற எஸ்டேட்டுகளும் போகும் என்பது எனக்கும் தெரியும்.

நான் மனதில் வரிசைப்படுத்திப் பார்த்தேன். முதலில் நாகலூர். எடுக்க வேண்டாம் என்று எனக்கு முன்னால் இருந்தவர் எழுதி வைத்திருக்கிறார், காரணம் தெரியாமல் எடுத்தால் அங்கே யாருடைய எடை குறையும் என்று எங்களுக்குத் தெரியாது. அதைச் சொன்னேன். அங்கே இப்போது புதுத் தராசுதானே, அந்தக் கோளாறு பழைய தராசோடு போயிருக்கும் என்றார் பாய். இருக்கலாம். அடுத்ததைச் சொல்லத்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது.

"பாய், நாளைக்கு எடை சரியாயிட்டா அவங்க என்ன நினைப்பாங்க? மாட்டிக்கிட்டதும் பயந்து நிறுத்திட்டான்னுதானே?"

பாய் சாக்கிலிருந்து ஒரு சுவிட்ச் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, மொதல்ல நாகலூருக்குப் போய்ப் பாத்துட்டு வா, அப்புறம் பேசலாம் என்று கீழே இறங்கிப் போய்விட்டார். அன்று முழுக்க அவர் மாடிக்கு வரவில்லை.

மறுநாள் பஸ்ஸில் நாகலூர் போனேன். ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பனி படிந்து வெளியே எதுவும் தெரியவில்லை. போகிற வழியெல்லாம் நான் விரும்பியது ஒன்றுதான். அந்தக் காரணம் செத்துப் போயிருக்க வேண்டும். அப்படியிருந்தால் எடுத்துவிடலாம், வேலை பாதியாகும்.

அந்த எஸ்டேட் ரைட்டர் சிரித்த முகக்காரர். ஸ்பிரிங் தராசுக் காலத்திலிருந்து அங்கேயே இருக்கிறவர். நான் தராசைச் சோதிக்க வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லி, ஜன்னலோரம் அவர் பின்னால் நின்றுகொண்டேன். வெளியே தராசு, உள்ளே கணினி. பெண்கள் சாக்குகளை இறக்கி வரிசையில் நின்றார்கள். முதல் சாக்கு வந்தது. பழம் கழுவி எடுத்தது போல் சுத்தமாக இருந்தது. அவர் நம்பரை அடித்தார், எடை வந்தது, கழிவுக் கட்டத்தில் ஒன்று அடித்தார். அடுத்த சாக்கு. மறுபடி ஒன்று.

எதற்கு அந்த ஒன்று என்று கேட்டேன். சாக்குக்கு என்றார். மெஷினே சாக்கைக் கழித்துக்கொள்ளுமே என்றேன்.

"தெரியுமுங்க அம்மிணி. முன்ன இருந்தவங்களும் சொன்னாங்க. கை கேக்க மாட்டேங்குது."

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஸ்பிரிங் தராசில் எடையைப் படிக்கும்போதே சாக்குக்கு ஒரு கிலோ தள்ளி உரக்கச் சொல்வதுதான் அந்த மலையில் வழக்கம். முழு எடையைச் சொல்லிவிட்டுப் பிறகு கழித்தால் சண்டை வரும். அதனால் வாயில் வருவதே கழித்த எடையாக இருக்கும். தராசு மாறியது, கணினி வந்தது, வாய்க்குப் பதில் விரல் அந்த ஒன்றைத் தள்ளப் பழகிக்கொண்டது. இன்றைக்கு அடிக்காமல் இருந்து பாருங்களேன் என்று கேட்டுக்கொண்டேன். சரியென்று தலையாட்டினார். அடுத்த சாக்குக்கு அடிக்கவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. பிறகு ஒரு பெண் தன் மகனுக்குக் காய்ச்சல் என்று ஏதோ சொல்ல, அவர் அவளைப் பார்த்துப் பேசிக்கொண்டே நம்பர் அடித்தார், எடை வந்தது, விரல் போய் ஒன்றை அழுத்திவிட்டு வந்தது.

"ரைட்டரே, கையக் கட்டிக்கிட்டு ஒக்காருங்க, நாங்களே அமுக்கிக்கறோம்" என்று வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

சிரிக்காதவள் அந்தக் காய்ச்சல்காரப் பையனின் தாய் மட்டும்தான். அவள் ஜன்னலுக்குள் எட்டி என்னைப் பார்த்து, மெஷினில் எதையாவது மாற்ற வந்தீர்களா என்று கேட்டாள். மெஷின் வந்த முதல் வருசம் சில சாக்குக்கு ஒரு கிலோ, சில சாக்குக்கு ரெண்டு கிலோ என்று போய், பெண்கள் சாக்குகளைக் கீழே வைத்துவிட்டு எடை போட விடாமல் உட்கார்ந்தார்களாம். அப்புறம் ஒரு கண்ணாடி போட்ட பொண்ணு வந்து ஏதோ செய்தாளாம். அதற்குப் பிறகு சரியாக வருகிறது.

"அத மட்டும் எடுத்துராதீங்க சாமி" என்றாள்.

நான் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அந்தத் துண்டை மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தேன். கழிவில் எண் இருந்தால் மெஷின் சாக்கைக் கழிக்காது. இல்லாவிட்டால் கழிக்கும். ரைட்டர் அழுத்தினாலும், மறந்தாலும், சாக்கு ஒரே ஒரு தரம்தான் போகும். அவர் விரலைத் திருத்த முடியாது என்று தெரிந்துகொண்டு எழுதியது. நாகலூர் வரைக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. அதை எல்லோருக்குமான லைப்ரரியில் வைத்ததுதான் பிசகு. காரணம் உயிரோடுதான் இருந்தது. இனி என்னால் அதை எடுக்கவும் முடியாது, இருக்கிற இடத்திலேயே விட்டுவைக்கவும் முடியாது.

எஸ்டேட்டுக்கு ஒரு லைப்ரரி என்று வைத்துக்கொண்டால் பராமரிக்க முடியாது என்பதில் நானும் பாயும் ஒரே கட்சி. எந்த பிளாப்பி எந்த ஊருக்கு என்று குழம்பிவிடும். அதனால் லைப்ரரியை ஒன்றாகவே வைத்து, ஒவ்வொரு எஸ்டேட்டின் அமைப்புக் கோப்பிலும் ஒரு வரி சேர்த்தேன். ரைட்டர் கையாலேயே சாக்கைக் கழிக்கிறாரா, ஆம் அல்லது இல்லை. நாகலூருக்கு மட்டும் ஆம். பழைய குறிப்பை அழிக்கவில்லை. அதன் கீழே விரலைப் பற்றியும், பெண்கள் உட்கார்ந்ததைப் பற்றியும், எந்த நாளில் இதை எடுக்கலாம் என்பதைப் பற்றியும் எழுதினேன். அந்த ரைட்டர் ஓய்வு பெற்ற பின், புதியவர் எடை போடுவதை ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு.

பாய் அதைக் கேட்டுக்கொண்டார். கொட்டச்சேட்டுக்கு யார் போவது என்று கேட்டேன். பிளாப்பியை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவதுதான் எங்கள் வழக்கம். பாய், நானும் வர்றேன் என்றார்.

சனிக்கிழமை எடை மத்தியானமே தொடங்கிவிடும். நாங்கள் போய் இறங்கியபோது மேல் டிவிஷன் தராசில் ஒரு மேஸ்திரியை உட்கார்த்தியிருந்தார்கள். அவர் கீபோர்டில் எந்த எண் எங்கே என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அமுக்கிக்கொண்டிருந்தார். ரைட்டர் களத்து ஓரத்தில் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் தனியாக நின்றிருந்தார். என் அப்பா வயது இருக்கும். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது. வெளியே அனுப்பப்படுவதற்கு அவர் தயாராகி வந்திருந்தார்.

பாய் மேனேஜரைத் தனியாக உள்ளே அழைத்துப் பேசத்தான் நினைத்திருந்தார். பஸ்ஸில் அப்படித்தான் சொன்னார். மேனேஜர் வரவில்லை. எதுவானாலும் இங்கேயே சொல்லுங்க, நேரமாச்சு என்றார். அதனால் நான் தராசருகே போய், வரிசையில் முதலில் இருந்த சாக்கை வைக்கச் சொன்னேன். கழிவில்லாமல் ஒரு முறை எடை போட்டேன். முப்பது கிலோ. கழிவு அரைக் கிலோ அடித்து அதே சாக்கை மறுபடி போட்டேன். முப்பதரை.

மேனேஜர் திரையையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொரு தரம் போடச் சொன்னார். வேறு சாக்கு வைக்கச் சொன்னார். கடைசியில் தானே கழிவை அடித்துப் பார்த்தார்.

"கழிச்சா எப்படிங்க ஏறும்?"

அதை விளக்கினேன். இன்னொரு எஸ்டேட்டுக்காகச் செய்தது, எல்லாருக்கும் போய்விட்டது, இதில் ரைட்டர் செய்த தப்பு எதுவுமே இல்லை என்று. மேல் டிவிஷனில் மட்டும் வந்ததற்குக் காரணம் இவர் ஒருவர்தான் அழுக்கைக் கழித்தார் என்பது. மேனேஜரின் முகம் அதற்குத்தான் மாறியது. கீழ் டிவிஷன் பழத்தில் எவ்வளவு இலை போயிருக்கும் என்று யோசித்திருப்பார். ரைட்டரைக் கைகாட்டிக் கூப்பிட்டு, சரி, வந்து ஒக்காரு, நேரமாகுது என்றார்.

ரைட்டர் வந்தார். உட்காரவில்லை.

"ஏனுங்க, அன்னைக்கு லயன் முச்சூடும் பாக்க எங்க ஊட்டுக்குள்ள பூந்து சாக்குத் தேடுனீங்க. எம் புள்ள படிச்சிட்டிருந்துச்சு. இப்ப எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படிங்க?"

குரல் உயரவில்லை. வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் வேறு பக்கம் பார்த்தார். மெஷின் கோளாறுக்கு நான் என்ன செய்ய முடியும், அதான் வேலை பாருன்னு சொல்லிட்டேனே என்றார். ரைட்டர் அசையவில்லை. இருவரில் யாராவது நகர்ந்தால்தான் அடுத்த சாக்கு ஏறும். மேனேஜரை இன்னும் கொஞ்சம் நெருக்கினால் அந்த வேலை மறுபடியும் கைவிட்டுப் போகும் என்று எனக்குப் பட்டது. ரைட்டருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. தெரிந்தே நின்றார்.

பாய் என்னைப் பார்த்தார். பிறகு தராசைத் தாண்டி வரிசைக்கு முன்னால் போய் நின்றார். கடை வாசலில் நின்று எதிர்க்கடைக்காரரைக் கூப்பிடுகிற அதே குரலில் பேசினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இந்தத் தராசு என் கடையில வாங்குனது. எடை தப்பா வந்ததுக்கு எங்க புரோகிராம்தான் காரணம். ரைட்டர் ஒரு பழம் எடுக்கலீங்க. யாராச்சும் ஏதாச்சும் சொல்லியிருந்தா, அது என்னால வந்தது."

வரிசையில் ஒரு பெண், அதத்தான் நாங்க அன்னைக்கே சொன்னோம், யாரு கேட்டா என்று முணுமுணுத்தாள். மேனேஜர் செருமிக்கொண்டார். பிறகு, மெஷின் தப்புத்தான், ரைட்டர் மேல ஒண்ணுமில்ல என்று, பாய் சொன்னதில் பாதியளவு சத்தத்தில், ஆனால் வரிசையைப் பார்த்துச் சொன்னார். ரைட்டருக்கு அது போதுமாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியை ஒரு தரம் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். மேஸ்திரி எழுந்து ஓடாத குறையாகப் போனார்.

நான் புது பிளாப்பியை ஏற்றினேன். அமைப்புக் கோப்பில் அந்த வரிக்கு எதிரே 'இல்லை' என்று இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். பாய் மேனேஜரோடு ஜீப் வரைக்கும் போய் ஏதோ பேச ஆரம்பித்து, பாதியிலேயே திரும்பி வந்தார். அடுத்த சீசன் ஆர்டரைப் பற்றி அவர் கேட்கவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது.

முணுமுணுத்த பெண்தான் முதலில் சாக்கை வைத்தாள். ரைட்டர் நம்பரை அடித்தார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சாக்குக்குள் விட்டுக் கிளறி, ஒரு கை நிறைய இலையும் பச்சைக்காயுமாக எடுத்து அவள் முன்னால் பிடித்தார். அரைக் கிலோ அடித்தார்.

"ஏனுங்க ரைட்டரே, இப்பத்தான உங்களுக்காக நொம்பப் பேசுனேன். அதுக்குள்ளயா?"

அவர் இலைகளைக் கீழே போட்டுவிட்டு என்டரைத் தட்டினார். எடை இறங்கியது.